மிடி தீர்ந்த கதை

'மிடி'ன்னதும் முழங்காலுக்குக் கீழே தொங்குற பாவாடை ஞாபகம் வர்றவங்க கொஞ்சம் தள்ளி உக்காருங்க :-) பழந்தமிழ் ஞாபகம் வர்றவங்களுக்கு அந்தச் சொல்லுக்கு வறுமைன்னு அர்த்தம். நான் சொல்ல வந்தது இந்த ரெண்டும் இல்லாத மூணாவது மிடி. கணினியில இருக்கற இசைக் கோப்பு.

ஆனா இந்த மூணாவது மிடிக்கும் அந்த வறுமைக்கும் ஒரு சம்பந்தம் இருக்கு. ஒரு பாட்டைக் கேட்டுட்டு "என்னய்யா இது, மிடி மாதிரி இருக்கு"ன்னு ஒருத்தர் சொன்னா அது பாராட்டு இல்ல. பொம்மை கீபோர்டுல வாசிச்ச மாதிரி உயிரில்லாம இருக்குன்னு அர்த்தம். ராத்திரி பகலா உக்காந்து, காதால கேட்டுக் கேட்டு, ஒவ்வொரு ஸ்வரமா கணினியில ஏத்தினவங்களோட உழைப்பு மொத்தமும் இந்த ஒரு வார்த்தையில அடிபட்டுப் போகுது. என் கட்சி என்னன்னா, அவங்க எழுதினதுல வறுமை கிடையாது. அதை வாசிச்சுக் காட்டின பெட்டியிலதான் இருந்தது. அந்தப் பெட்டியோட வறுமை எப்படி வந்தது, எப்படித் தீர்ந்ததுங்கறதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். காப்பியோட வாங்க.

சத்தமே இல்லாத கோப்பு

எம்பி3 கோப்புக்குள்ள சத்தம் இருக்கு. மிடி கோப்புக்குள்ள சத்தமே கிடையாது. இருக்கறது வெறும் கட்டளைகள். "முதல் சேனல்ல 60-ஆம் கட்டையை 100 அளவு விசையோட அழுத்து" அப்படிங்கறதை 144, 60, 100 என்று மூணே எண்ணுல சொல்லிடலாம். எப்போ அழுத்தணும், எப்போ விடணும், எந்த வாத்தியம், எவ்வளவு சத்தம்... எல்லாமே எண்கள்தான்.

நம்ம ஊர்ல கீர்த்தனைப் புத்தகம் பாத்திருப்பீங்க. சாகித்யத்துக்கு மேல ச ரி க ம போட்டிருக்கும். அந்தப் புத்தகம் பாடாது. அதைப் பாக்கறவர்தான் பாடணும். குரல் நல்லா இருந்தா கச்சேரி, இல்லேன்னா கஷ்டம். மிடி கோப்பும் அப்படியே. பாடகர் உங்க கணினி.

இதனால ஒரு பெரிய லாபம் உண்டு. மூணு நிமிஷப் பாட்டை சிடி தரத்துல வச்சா சுமார் 30 மெகாபைட். அதே பாட்டு மிடியில பெரும்பாலும் 30, 40 கிலோபைட்டுக்குள்ள அடங்கிடும். 28.8 வேக மோடம் 'கீய்ய்ங்'னு கத்திக்கிட்டு இருந்த 1990-கள்ல இது பெரிய விஷயம். முன்னதை இறக்க ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆகும். பின்னது பத்துப் பதினஞ்சு நொடி. அதனாலதான் அந்தக் கால இணையப் பக்கங்களைத் திறந்ததும் கேக்காமலேயே பாட்டு பாட ஆரம்பிச்சது :-)

முதல்ல இது கணினிக்காக வந்ததே இல்ல

மிடி பிறந்தது சின்தசைசர்களுக்காக. 1980 வாக்குல ஒவ்வொரு கம்பெனி கீபோர்டும் தன் பாஷையிலதான் பேசும். ஒண்ணை வாசிச்சு இன்னொண்ணை ஒலிக்க வைக்க முடியாது. அமெரிக்காவுல சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸ் கம்பெனியின் டேவ் ஸ்மித், ஜப்பான்ல ரோலண்டை நிறுவின இகுதாரோ ககேஹாஷி, ரெண்டு பேரும் முன்கை எடுத்தாங்க. 1983 ஜனவரியில நாம் கண்காட்சியில ஸ்மித் கம்பெனியோட ப்ராஃபெட்-600-ஐயும் ரோலண்டோட ஜூபிட்டர்-6-ஐயும் ஒரு கம்பியால இணைச்சுக் காட்டினாங்க. ஒண்ணை வாசிச்சா ரெண்டும் ஒலிச்சது. போட்டிக் கம்பெனிகள் ஒண்ணு சேந்து, உரிமைத்தொகை எதுவும் கேக்காம, எல்லாருக்கும் பொதுவா ஒரு வழியைத் திறந்து விட்டாங்க. முப்பது வருஷம் கழிச்சு, 2013-ல, இதுக்காக ரெண்டு பேருக்கும் தொழில்நுட்ப கிராமி விருது கொடுத்தாங்க.

அந்தக் கம்பியில நொடிக்கு 31,250 பிட் போகும். ஒரு ஸ்வரக் கட்டளை போய்ச்சேர ஏறக்குறைய ஒரு மில்லிநொடி. இன்னைய வேகத்துக்கு இது நத்தை. ஆனா ஒரு மனுஷன் வாசிக்கற வேகத்துக்குத் தாராளம்.

இதுல கவனிக்க வேண்டியது, அந்தக் கம்பியோட ரெண்டு முனையிலயும் ஆயிரக்கணக்கான டாலர் பெறுமான வாத்தியம் இருக்கும்னு நினைச்சுத்தான் இதை வடிவமைச்சாங்க. சத்தத்தைப் பத்தி மிடி கவலைப்படவே வேண்டியதில்ல, வாத்தியம் பாத்துக்கும். அப்புறம் 1988-ல மிடி கோப்புக்குன்னு ஒரு பொது வடிவம் வந்தது. கட்டளைகளை ஒரு ஃப்ளாப்பியில போட்டு யாருக்கும் குடுக்கலாம். வாங்கறவன் வீட்டுல வாத்தியம் இருக்கணுமே! அங்கதான் சிக்கல் ஆரம்பம்.

கமகத்துல பிறந்த சிப்பு

1981-ல வந்த ஐபிஎம் பிசியில இருந்தது ஒரு சின்ன ஸ்பீக்கர். ஒரு நேரத்துல ஒரே ஒரு 'பீப்'. அதுல மிடியாவது, மண்ணாவது.

1987-ல கனடாவோட கியூபெக்ல இருந்து ஆட்லிப் கார்டு வந்தது. ஆரம்பிச்சவர் மார்ட்டின் ப்ரெவெல், லவால் பல்கலைக்கழகத்துல இசைப் பேராசிரியரா இருந்தவர். கார்டோட உயிர் யமஹாவின் ஓய்.எம்.3812 என்கிற ஒரு சின்னச் சிப்பு. ஒரே நேரத்துல 9 குரல். ரெண்டு வருஷம் கழிச்சு, 1989-ல, சிங்கப்பூர் கம்பெனியான கிரியேட்டிவ் அதே சிப்பை வச்சு, கூடவே பதிவு செஞ்ச சத்தத்தையும் ஒலிக்கற வசதி சேத்து சவுண்ட் பிளாஸ்டரை விட்டது. அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். 'சவுண்டு கார்டு'ன்னாலே சவுண்ட் பிளாஸ்டர்னு ஆச்சு. 1992-ல ஆட்லிப் திவால்.

அந்தச் சிப்புக்குள்ள இருந்த வித்தைக்குப் பேர் எஃப்.எம். சின்தசிஸ். வானொலி எஃப்.எம். இல்லீங்க, ஆனா கணக்கு அதே ஜாதிதான். 1967-ல ஸ்டான்ஃபோர்டுல ஜான் சௌனிங் என்கிற இசைக்காரர் கணினியில ஒரு ஸ்வரத்தை மேலயும் கீழயும் அசைச்சுப் பாத்துக்கிட்டு இருந்தார். நம்ம பாஷையில சொன்னா கமகத்துக்குப் பக்கத்துல ஏதோ ஒண்ணு. நொடிக்கு அஞ்சாறு தடவை அசைச்சா காது அதை அசைவாக் கேக்கும். வேகத்தை ஏத்திக்கிட்டே போய் நொடிக்கு நூத்துக்கணக்குல ஆட்டினா, காதுக்கு அசைவே தெரியறதில்ல. அதுக்குப் பதிலா ஒரு புது வாத்தியத்தோட குரல் கேக்க ஆரம்பிக்குது. ரெண்டே ரெண்டு அலையை வச்சு மணி, பித்தளை ஊதுகுழல், மரக்கட்டைன்னு என்னென்னமோ செய்யலாம். யமஹா உரிமம் வாங்கிச்சு. 1983-ல வந்த டி.எக்ஸ்.7 கீபோர்டு அதோட மகுடம். ஸ்டான்ஃபோர்டுக்கு இந்தக் காப்புரிமை மூலமா 20 மில்லியன் டாலருக்கு மேல வந்தது.

டி.எக்ஸ்.7-ல ஒரு குரலுக்கு ஆறு அலை. ஆட்லிப் சிப்புல ஒரு குரலுக்கு ரெண்டே அலை. விலையைக் குறைக்கக் குறைச்ச குறைப்பு. அந்த ரெண்டு அலைக்குள்ள பியானோவையும் வயலினையும் அடைக்கணும்னா, கிடைக்கறது கார்ட்டூன் பியானோவும் கொசு வயலினும்தான். மிடிக்கு வந்த கெட்ட பேர்ல முக்கால்வாசி இந்தச் சிப்பும் அதோட வாரிசும் சம்பாதிச்சுக் குடுத்தது.

பணக்காரன் காது, ஏழைக் காது

அதே 1987-ல இன்னொரு பெட்டியும் வந்தது. ரோலண்ட் எம்.டி-32. வெளியில வைக்கற தனி சின்தசைசர். ஒரு வாத்தியத்தோட சத்தத்துல ஆரம்பத் தட்டல்தான் அதை அடையாளம் காட்டும். அந்தத் துண்டை மட்டும் நிஜ வாத்தியத்துல இருந்து பதிவு செஞ்சு மெமரியில வச்சு, மிச்சத்தை மின்னணுவால இழுத்து விட்டாங்க. மேல கொஞ்சம் எதிரொலி தூவினாங்க. கேட்டா அசந்து போவீங்க. விலையைக் கேட்டாலும்தான். கணினியோட இணைக்கற கார்டையும் சேத்தா 500 டாலருக்கு மேல.

சியரா ஆன்-லைன் என்கிற விளையாட்டுக் கம்பெனி 1988-ல கிங்ஸ் குவெஸ்ட் 4 விளையாட்டுக்கு வில்லியம் கோல்ட்ஸ்டீன் என்கிற சினிமா, தொலைக்காட்சி இசையமைப்பாளரை வச்சு இசை போட்டது. எம்.டி-32 இருந்தவங்க அதை இசையாக் கேட்டாங்க. ஆட்லிப் இருந்தவங்க அதோட கோட்டோவியத்தைக் கேட்டாங்க. ஒண்ணுமே இல்லாதவங்களுக்குப் பீப், பீப். ஒரே விளையாட்டு, ஒரே இசை. காசுக்கு ஏத்த மாதிரி காது. தரை டிக்கெட்டுக்காரனுக்கும் பால்கனிக்காரனுக்கும் சினிமாக் கொட்டகையிலகூட ஒரே சத்தம்தான் கேக்கும். இங்க அதுவும் கிடையாது.

இன்னொரு குழப்பமும் இருந்தது. 'ஒண்ணாம் நம்பர் வாத்தியம்'னு கோப்பு சொன்னா, ஒரு பெட்டியில அது பியானோ, இன்னொரு பெட்டியில வேற ஏதோ. ஒருத்தர் பியானோவுக்கு எழுதினது அடுத்தவர் வீட்டுல ஊதுகுழலா வரும். இதைச் சரிபண்ண 1991-ல ஜெனரல் மிடி வந்தது. 128 வாத்தியத்துக்கும் எண் நிர்ணயம். பத்தாவது சேனல் தாளத்துக்கு. ஒரே நேரத்துல குறைஞ்சது 24 குரல். அதே வருஷம் ரோலண்ட் எஸ்.சி-55 சவுண்ட் கேன்வாஸ் பெட்டியை விட்டது. அதுக்கப்புறம் ஒரு பத்து வருஷம் மிடி எழுதினவங்க காதுல 'சரியான சத்தம்'னா எஸ்.சி-55 சத்தம்தான்.

ஜெனரல் மிடி எண்ணை நிர்ணயிச்சதே தவிர சத்தத்தை நிர்ணயிக்கல. '41-ன்னா வயலின்' அவ்வளவுதான். எப்படிப்பட்ட வயலின்ங்கறது அவங்கவங்க பெட்டியோட தலையெழுத்து.

அந்த 128-ல நம்மாளுங்க யாருன்னு தேடினா, 105-ல சிதார் இருக்கு. 112-ல ஷெனாய் இருக்கு. வீணை இல்ல, நாதஸ்வரம் இல்ல. தாள சேனல்ல போங்கோ, காங்கோ உண்டு. மிருதங்கம், தவில், தபேலா மூணும் கிடையாது. 1990-கள் கடைசியில நம்ம சினிமாப் பாட்டுக்கெல்லாம் மிடி எழுதினவங்களை நினைச்சுப் பாருங்க. தபேலா நடைக்குப் போங்கோவைப் பிடிச்சு வச்சு ஒப்பேத்தணும். கமகத்துக்குப் பிட்ச் பெண்ட்ங்கற கட்டளையை வச்சு ஸ்வரத்தை வளைக்கணும். அது வழக்கமா மேல ரெண்டு, கீழ ரெண்டு அரை ஸ்வரம் வரைக்கும் வளையும். அதுவும் அந்தச் சேனல்ல ஒலிக்கற அத்தனை ஸ்வரமும் சேந்து வளையும். ஆகவே குரல் மெட்டுக்குன்னு ஒரு சேனலைத் தனியா ஒதுக்கணும். இவ்வளவு பாடுபட்டு எழுதின கோப்பை ரெண்டு அலைச் சிப்பு ஒலிச்சுக் காட்டினதும் "பொம்மை மாதிரி இருக்கு"ன்னு ஒரே வரியில தீர்ப்பு.

டூம் என்கிற சாட்சி

இதுக்கு நல்ல உதாரணம் 1993 டிசம்பர்ல வந்த டூம். இசை பாபி ப்ரின்ஸ். அவர் எழுதினது ஜெனரல் மிடிக்கு, காதுல வச்சிருந்தது எஸ்.சி-55 சத்தம். முதல் கட்டத்துலயே உறுமற கிட்டாரும் டிரம்ஸும். ஆனா உலகம் முழுக்க அந்த விளையாட்டை ஆடினவங்கள்ல பெரும்பாலானவங்ககிட்ட இருந்தது சவுண்ட் பிளாஸ்டர் வகையறா எஃப்.எம். கார்டு. அதுக்காக ஒவ்வொரு வாத்தியத்துக்கும் எஃப்.எம். அளவுகளை ஒரு பட்டியலாவே விளையாட்டுக்குள்ள வச்சிருந்தாங்க. அந்தப் பட்டியல் வழியா வந்த கிட்டார் கிட்டார் மாதிரி இல்ல, மரம் அறுக்கற ரம்பம் மாதிரி இருக்கும்.

வேடிக்கை என்னன்னா, கோடிக்கணக்கானவங்க மனசுல இன்னைக்கும் 'டூம் பாட்டு'ன்னா அந்த ரம்பம்தான். எஸ்.சி-55-ல கேட்டா "இது வேற மாதிரி இருக்கே"ன்னு முகம் சுளிக்கறவங்க உண்டு. இதைப் பின்னாடி மறுபடி எடுக்கறேன்.

சத்தத்தைக் கடன் வாங்கின காலம்

சத்தத்தை அலைக்கணக்கு போட்டு உருவாக்கறதுக்குப் பதிலா, நிஜ வாத்தியத்தையே பதிவு செஞ்சு வச்சு ஒலிச்சா என்ன? இதைத்தான் வேவ்டேபிள்னு விளம்பரத்துல சொன்னாங்க. சிக்கல் மெமரி. சிடி தரத்துல ஒரு மெகாபைட்டுக்கு 12 நொடிச் சத்தம்தான் கொள்ளும், அதுவும் மோனோவுல. ஒரு பியானோவோட 88 கட்டையையும் ஆளுக்குப் பத்து நொடி பதிவு செஞ்சா, அதுக்கே சுமார் 75 மெகாபைட் வேணும். அன்னைக்கு முழுக் கணினியிலயே 4 அல்லது 8 மெகாபைட் மெமரி இருந்தா அது மிராசுதார் வீடு.

அதனால குறுக்கு வழிகள். 88-க்குப் பதிலா நாலஞ்சு கட்டையை மட்டும் பதிவு செஞ்சு, மத்ததுக்கு அதையே வேகமாவும் மெதுவாவும் ஓட்டிச் சமாளிக்கறது. பத்து நொடிக்குப் பதிலா அரை நொடி எடுத்து, கடைசித் துளியைத் திரும்பத் திரும்பச் சுத்த விடறது. மலிவான மிடியில நீளமான வயலின் ஸ்வரம் 'ஙொய்ய்'னு ஒரே மாதிரி இழுக்குதே, அது இந்தச் சுத்தல்தான்.

1992-ல கனடாவோட கிராவிஸ் அல்ட்ராசவுண்ட் வந்தது. மத்த பெட்டிகள்ல சத்தம் ரோம் சிப்புல, அதாவது கல்வெட்டு மாதிரி, பொறிச்சிருக்கும். இதுல வெறும் 256 கிலோபைட் காலி மெமரி மட்டும்தான், ஒரு மெகாபைட் வரை ஏத்திக்கலாம். வாத்தியங்கள் ஹார்ட் டிஸ்குல தனித்தனிக் கோப்பா இருக்கும். பாட்டுக்கு வேண்டியதை மட்டும் எடுத்து ஏத்திக்கும். பியானோ பிடிக்கலையா? அந்தக் கோப்பைத் தூக்கிட்டு வேற பியானோ போடு! கல்வெட்டு கரும்பலகை ஆனது இங்கதான்.

கிரியேட்டிவ் சும்மா இருக்கல. 1992-லயே சவுண்ட் பிளாஸ்டர் 16 மேல மாட்டற வேவ் பிளாஸ்டர் துணைக்கார்டை விட்டது. அதுல 4 மெகாபைட் ரோம். உள்ளே இருந்த சத்தம் ஈ-மியூ என்கிற சேம்ப்ளர் கம்பெனியோடது. 1993-ல அந்தக் கம்பெனியையே வாங்கிட்டாங்க. 1994-ல வந்த ஏ.டபிள்யூ.இ.32 கார்டுல ஒரு மெகாபைட் ரோமோட, நாமளே நிரப்பிக்க 512 கிலோபைட் மெமரி. கூடுதல் மெமரித் துண்டு வாங்கி 28 மெகாபைட் வரை ஏத்தலாம். இந்த மெமரியில ஏத்தறதுக்காக வந்ததுதான் சவுண்ட்ஃபாண்ட். எழுத்துக்கு எழுத்துரு மாதிரி, இசைக்கு ஒலியுரு.

நம்ம வலைப்பதிவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒரே எழுத்து, எழுத்துரு இல்லேன்னா கட்டம் கட்டமாத் தெரியும். இருந்தா தமிழாத் தெரியும். டிஸ்கி, தாப், தாம்னு குறியாக்கத்தோட மல்லுக்கட்டினவங்களுக்கு, கோப்பு நல்லா இருந்தும் காட்டற பெட்டி சரியில்லாட்டி என்ன ஆகும்னு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்ல :-)

1998-ல வந்த சவுண்ட் பிளாஸ்டர் லைவ் இன்னொரு படி மேல போய், கணினியோட பொது மெமரியையே சவுண்ட்ஃபாண்டுக்குக் கடன் வாங்கிக்கிச்சு. கார்டுல தனி மெமரி வாங்கற செலவு போச்சு.

பெட்டியே வேண்டாம்

இதுக்கிடையில கணினியோட மூளை வேகமாகிக்கிட்டே வந்தது. சேம்பிளை எடுத்து, வேகத்தை மாத்தி, கலக்கி ஒலிக்கறது வெறும் கூட்டல், பெருக்கல்தானே? அதை ஏன் தனிக் கார்டு செய்யணும்? 1995-ல ஃபின்லாந்துக்காரர் தூக்கா தொய்வோனன் டிமிடிட்டி என்கிற இலவச மென்பொருளை எழுதினார். கிராவிஸ் கார்டோட வாத்தியக் கோப்புகளை எடுத்து, அந்தக் கார்டே இல்லாம மிடியை ஒலிக்கும். கணினிக்கு மூச்சு வாங்கினா, முதல்ல அலைக் கோப்பா மாத்தி வச்சுட்டு அப்புறம் கேட்டுக்கலாம். அவர் விட்ட இடத்துல இருந்து ஜப்பான்ல மசனாவோ இசுமோ எடுத்து வளத்தார். டிமிடிட்டி++ ஆச்சு. அது சவுண்ட்ஃபாண்டும் படிக்கும்.

மைக்ரோசாஃப்டும் ரோலண்ட்கிட்ட சத்தங்களை உரிமம் வாங்கி, விண்டோஸுக்குள்ளயே ஒரு மென்பொருள் சின்தசைசரை வச்சது. விண்டோஸ் 98, எக்ஸ்பின்னு ஆடினவங்கள்ல நிறைய பேர் கேட்டது அதைத்தான். எஃப்.எம். கொசுவோட ஒப்பிட்டா இது எவ்வளவோ தேவலை. ஆனா மொத்த வாத்தியமும் மூணரை மெகாபைட்டுக்குள்ள. 1990-கள் மெமரிக்கு அளவெடுத்துத் தைச்ச சட்டை. கணினி ஆயிரம் மடங்கு வளந்த பிறகும் அதே சட்டையைத்தான் போட்டுக்கிட்டு இருக்கு. போதாக்குறைக்கு, 2007-ல விஸ்டா வந்தப்போ, மிடி எந்தச் சின்தசைசர் வழியா ஒலிக்கணும்னு தேர்ந்தெடுக்கற இடமே கன்ட்ரோல் பேனல்ல இருந்து காணாமப் போச்சு. நல்ல ஒலியுரு கிடைச்ச காலத்துல மாட்டற ஆணியைப் பிடுங்கிட்டாங்க. ஒரு தலைமுறை 'மிடின்னா இப்படித்தான்'னு முடிவு கட்டினதுக்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த இடத்துல கை குடுத்தது பொழுதுபோக்கா செஞ்சவங்கதான். ஃப்ராங்க் வென் தொகுத்த ஃப்ளூயிட் ஆர்3 என்கிற சவுண்ட்ஃபாண்ட் 140 மெகாபைட்டுக்கு மேல. லினக்ஸ்காரங்க அதைத் தங்கள் தொகுப்புலயே சேத்துக்கிட்டாங்க. கிறிஸ்டியன் காலின்ஸ் பல வருஷமா செதுக்கிக்கிட்டு வர்ற ஜெனரல்யூசர் ஜி.எஸ். சுமார் 30 மெகாபைட்தான், ஆனா சமநிலையில நிறைய பெரிய ஒலியுருக்களைத் தூக்கிச் சாப்பிடும். ரெண்டும் இலவசம். 500 டாலர் பெட்டி குடுத்த சந்தோஷம், இன்னைக்கு ஒரு பாட்டு வீடியோ பாக்கற அளவு டேட்டாவுல.

நீங்களும் செய்யலாம்

செய்முறை ரொம்பச் சுருக்கம்.

1. விண்டோஸ்னா விர்ச்சுவல் மிடி சின்த் என்கிற இலவச மென்பொருளை நிறுவுங்க. லினக்ஸ்னா ஃப்ளூயிட்சின்த்.

2. மேல சொன்ன ஒலியுருல ஒண்ணை இறக்கி அதுல ஏத்துங்க. முதல் தடவைக்கு ஜெனரல்யூசர் போதும்.

3. ஒரே நேரத்துல ஒலிக்கற குரல் எண்ணிக்கையைத் தாராளமா வைங்க. 24 குரல் காலத்துல, பெடல் மிதிச்ச பியானோவுக்கு நடுவுல டிரம்ஸ் வந்தா ஏதாவது ஒரு ஸ்வரம் பாதியில செத்துப் போகும். இப்ப அந்தக் கஞ்சத்தனம் தேவையில்ல.

4. எதிரொலியைக் குறைவா வைங்க. எல்லாத்தையும் கல்யாண மண்டபத்துல வாசிக்க வேண்டாம்.

தபேலா, நாதஸ்வரக் குறை இருந்ததே, அதுக்கும் வழி உண்டு. பாலிஃபோன்னு ஒரு இலவச மென்பொருள். வீட்டுல மிருதங்கம் இருந்தா தா, தி, தொம், நம்னு தனித்தனியா பதிவு செஞ்சு நீங்களே ஒலியுரு பண்ணிடலாம். 1991-ல ஒரு பட்டியல் மறந்து போனதை உங்க வீட்டுத் திண்ணையில உக்காந்து சேக்கலாம்.

பெருசா இருந்தா நல்லதா?

இங்கதான் நிறைய பேர் தடம் மாறறாங்க. ஒரு கிகாபைட் ஒலியுருவை இறக்கி ஏத்திட்டு, "பியானோ பிரமாதம், ஆனா பாட்டு கந்தரகோளமா இருக்கே"ன்னு முழிப்பாங்க. காரணம் இருக்கு. மிடி எழுதினவர் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் 0-ல இருந்து 127-க்குள்ள ஒரு விசையைக் குடுத்திருப்பார். தன் பெட்டியில கேட்டு, பேஸ் கொஞ்சம் அமுங்கியிருக்கு, 90-ஐ 105 ஆக்குன்னு கை வைத்தியம் பாத்திருப்பார். அந்தப் பெட்டியோட குறைக்குப் போட்ட மருந்து, குறையே இல்லாத பெட்டியில விஷம். தனித்தனியா எல்லா வித்வானும் மேதை, ஆனா சேந்து வாசிச்சா பக்கத்து வீட்டுச் சண்டை.

அதனால நான் பாக்கற முதல் கேள்வி: இதை எழுதினவர் எந்தப் பெட்டியில கேட்டுக்கிட்டு எழுதினார்? 1990-கள் நடுவுல வந்த ஜெனரல் மிடி கோப்புன்னா எஸ்.சி-55-க்குப் பக்கத்துல இருக்கற சத்தம் பொருந்தும். சியராவோட பழைய விளையாட்டுன்னா எம்.டி-32. அதுக்கு மண்ட் என்கிற போலிப் பெட்டி மென்பொருள் இருக்கு, அந்தப் பெட்டி நடந்துக்கற விதத்தையே கணக்குப் போட்டு நடிக்கும். ஆட்லிப் சிப்புக்காகவே எழுதின இசைன்னா, அதை எஃப்.எம்.-லயே கேக்கறதுதான் மரியாதை. அந்த ரெண்டு அலையோட எல்லைக்குள்ள என்ன அழகு பண்ண முடியும்னு யோசிச்சு எழுதினவங்களும் உண்டு. அவங்க இசையை 140 மெகாபைட் ஆர்கெஸ்ட்ராவுல வாசிச்சா கிடைக்கறது மெருகு இல்ல.

டூம் ரம்பத்துக்கும் இதுதான் என் பதில். பாபி ப்ரின்ஸ் மனசுல இருந்தது ஒண்ணு. ஆடினவங்க காதுல ஏறினது இன்னொண்ணு. ரெண்டுமே நடந்த சரித்திரம். முன்னெல்லாம் எதைக் கேக்கறதுன்னு பர்ஸ் முடிவு பண்ணிச்சு. இப்ப நாம முடிவு பண்ணலாம். மிடி தீர்றதுன்னா அதுதான்.

கடைசியா ஒண்ணு

2009 அக்டோபர்ல ஜியோசிட்டீஸ் மூடினப்போ லட்சக்கணக்கான சொந்தப் பக்கங்கள் ஒரே நாள்ல போச்சு. போறதுக்கு முன்னாடி சில தன்னார்வலர்கள் முடிஞ்ச வரைக்கும் நகல் எடுத்து வச்சாங்க. அந்தக் குவியல்ல இருந்து பொறுக்கின ஐம்பதாயிரத்துக்கும் மேலான மிடி கோப்புகள் இன்டர்நெட் ஆர்க்கைவ்ல இருக்கு. அதே வருஷங்கள்ல பதிவு செஞ்சு ஏத்தின பாட்டுக் கோப்புகளை இன்னைக்குக் கேட்டா, இடத்தை மிச்சம் பிடிக்க நசுக்கின நசுக்கல்ல கிணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கும். அதை இனி யாராலயும் முழுசா மீட்க முடியாது. ஆனா அந்த மிடி கோப்புல இருக்கற 144, 60, 100 அப்படியே இருக்கு. 1997-ல ஒருத்தர் எஃப்.எம். கார்டுல கேட்டுக்கிட்டு எழுதின கோப்பு, அவரே கேட்டிராத சத்தத்துல இன்னைக்கு உங்க வீட்டுல ஒலிக்கும்.

பரண்ல பழைய சிடி, ஃப்ளாப்பி ஏதாவது கிடந்தா ஒரு தடவை பாருங்க. 30 கிலோபைட்டுக்கு ஏதாவது பாட்டுப் பேர் போட்ட கோப்பு இருந்தா அழிச்சுடாதீங்க. முக்கியமா நம்ம பாட்டா இருந்தா. எழுதினவர் பேரு பெரும்பாலும் கோப்புக்குள்ளயே ஒரு வரியில இருக்கும். ஒரு நல்ல ஒலியுருவைப் போட்டு, அவர் பேரைப் படிச்சுட்டு, ஒரு தடவை கேளுங்க.

டிஸ்கி: இதைப் படிச்சுட்டு ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ஒலியுரு மாத்தி மாத்திக் கேட்டு, வீட்டுல திட்டு வாங்கினா கம்பெனி பொறுப்பில்ல :-)